எசப்பாட்டு

அந்த வாய்ஸ் மெசேஜ் நாலு நிமிடம் பன்னிரண்டு விநாடி. அனுப்பியவள் என் நண்பனின் முன்னாள் காதலி. நேரில் அவளை நான் இரண்டே முறைதான் பார்த்திருக்கிறேன். ஆனால் அவளைப் பற்றி அவன் பதினோரு நிமிடம் பேசிய ஒரு பதிவைக் கத்தரித்து, ஒட்டி, சத்தத்தைச் சீராக்கி, முகம் தெரியாத எத்தனையோ பேர் காதுக்கு அனுப்பி வைத்தவன் நான். அந்தப் பதினோரு நிமிடத்துக்கு அவள் தந்த பதில்தான் இந்த நாலு நிமிடம்.

முதலில் எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூன்று பேர். ஒருவன் விளம்பரத்துக்கு எழுதுகிறவன், ஒருத்தி வானொலியில் நிகழ்ச்சி நடத்துகிறவள், நான் ஒலித்தொகுப்பாளன். மூன்று பேரும் வேறு வேறு ஊரில் இருக்கிறோம், மூவருக்கும் பொதுவாக இருப்பது ஹிப்ஹாப். சனிக்கிழமை ராத்திரி போனில் உட்கார்ந்தால் ஏதாவது ஒரு ஆல்பத்தில் ஆரம்பிக்கும் பேச்சு யாருடைய காதலிலாவது போய்த்தான் நிற்கும். யார் யாரைப் பார்த்தார்கள், யார் பதில் போடவில்லை, முதல் சந்திப்பில் எவன் இரண்டு மணி நேரம் தன்னைப் பற்றியே பேசினான், இதெல்லாம். பல வருடம் அது வெறும் பேச்சாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு நாள் தோழி, "இதை ரெக்கார்ட் பண்ணினா என்ன?" என்று கேட்டாள். மூன்று பேருக்கும் ஊடக வேலை, மைக் இருக்கிறது, வெட்டி ஒட்டத் தெரியும், வேறு என்ன வேண்டும்? பாட்காஸ்ட் ஆரம்பித்துவிட்டோம்.

எங்கள் முதல் பதிவு முழுக்க ஒரு தங்கையைப் பற்றியது. ஹிப்ஹாப்பின் பிறந்தநாள் என்று உலகம் கொண்டாடுகிற தேதி 1973 ஆகஸ்ட் 11. இடம் நியூயார்க்கின் பிராங்க்ஸ், 1520 செட்ஜ்விக் அவென்யூ, ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறை. ஜமைக்காவில் இருந்து வந்த கிளைவ் கேம்ப்பெல், அதாவது டிஜே கூல் ஹெர்க், அங்கே இசைத்தட்டு சுழற்றினார். எல்லோருக்கும் அவர் பெயர் தெரியும். ஆனால் அந்த விருந்தை நடத்தியது அவருடைய தங்கை சிண்டி. பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, புதுத் துணி வாங்கக் காசு வேண்டும், அதற்காகத்தான் விருந்து. அட்டையில் கையால் எழுதிய அழைப்பு. பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். தோழி அந்த அட்டையின் படத்தைப் பெரிதாக்கி எங்களுக்கு அனுப்பி, "யாரை முதல்ல உள்ளே கூப்பிடணும்னு அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்கடா" என்றாள். பெண்கள் வந்தால் பசங்க தானாக வருவார்கள் என்பது சிண்டியின் கணக்கோ என்னவோ, ஆனால் எனக்கு அந்த அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் ஹிப்ஹாப்பும் டேட்டிங்கும் ஒரே வாசலில், ஒரே ராத்திரியில் உள்ளே நுழைந்த மாதிரி தோன்றும்.

அந்த வாசலுக்குள் ஹெர்க் செய்ததைத் தொழில் ரீதியாக நான் இன்னும் வியந்துகொண்டே இருக்கிறேன். பாட்டில் ஓர் இடம் வரும். பாடகர் நிறுத்திவிடுவார், மற்ற வாத்தியங்களும் அடங்கிவிடும், டிரம் மட்டும் தனியாக நிற்கும். அதற்குப் பெயர் பிரேக். சில விநாடிதான். ஆடுகிறவர்கள் அந்தச் சில விநாடிக்காகத்தான் சுவரோரம் காத்திருக்கிறார்கள் என்பதை அவர் கவனித்தார். அதே இசைத்தட்டில் இரண்டு பிரதி வைத்துக்கொண்டு, ஒன்றில் பிரேக் முடியும்போது மற்றதில் ஆரம்பித்து, திரும்ப முதல் தட்டுக்கு வந்து, சில விநாடியை நிமிடக் கணக்கில் நீட்டினார். மக்கள் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று பார்ப்பது, அந்தத் துண்டை மட்டும் எடுப்பது, அதையே திரும்பத் திரும்பத் தருவது. ஐம்பது வருடம் கழித்து நான் சம்பளத்துக்குச் செய்கிற வேலையும் கிட்டத்தட்ட இதுதான். ஒரு மணி நேரப் பேச்சில் இருந்து நாற்பது விநாடி கிளிப் எடுப்பது. ஒரே ஒரு வேறுபாடு, ஹெர்க் நீட்டியது ஆட்டத்தை. ஊடகத்தில் எங்களை நீட்டச் சொல்வது பெரும்பாலும் சண்டையை. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், ஆண் பெண் உறவு பற்றிய நிகழ்ச்சி என்றால் எந்த நிமிடத்தில் குரல் உயர்கிறதோ அங்கே இருந்து கிளிப் எடுக்கச் சொல்வார்கள். ஒலியை வெட்டி ஒட்டுகிற நிரலில் அதைத் தேட வேண்டியதே இல்லை. சத்தத்தின் அலைக்கோடு தடித்துத் தெரியும், கண்ணாலேயே பார்த்து வெட்டிவிடலாம்.

சரி, எசப்பாட்டுக்கு வருகிறேன்.

1984-ல் யூடிஎஃப்ஓ என்ற நியூயார்க் ராப் குழு ஒரு பாட்டு வெளியிட்டது. ராக்ஸேன் என்ற பெண் தெருவில் போகிறாள், குழுவில் இருப்பவர்கள் ஒவ்வொருவராகப் போய்த் தன் பெருமையைச் சொல்லி மயக்கப் பார்க்கிறார்கள், அவள் யாரையும் சட்டை செய்யவில்லை. கேட்கச் சிரிப்பாக இருக்கும், நல்ல பாட்டுதான். ஆனால் பாட்டு முழுக்க ராக்ஸேன் ஒரு வார்த்தை பேசுவதில்லை. இந்தக் குழு ஒரு நிகழ்ச்சிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் போனதில் டிஜே மார்லி மார்லுக்கும் வானொலியில் ராப் நிகழ்ச்சி நடத்திய மிஸ்டர் மேஜிக்குக்கும் வருத்தம். அந்தப் புலம்பல் குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பில் இருந்த ஒரு பெண்ணின் காதில் விழுந்தது. லொலிட்டா ஷான்டே கூடன், வயது 14. அழுக்குத் துணி துவைக்கப் போகிற வழியில் மார்லி மார்லின் வீட்டுக்குப் போய், யூடிஎஃப்ஓ-வின் பீட் மேலேயே, ராக்ஸேனின் குரலில், ஒருவன் விடாமல் ஆளுக்கு ஆள் பதில் கொடுத்துவிட்டு வந்தாள். ராக்ஸேன் ஷான்டே என்ற பெயர் அப்படித்தான் பிறந்தது. அதற்குப் பதில், பதிலுக்குப் பதில் என்று டஜன் கணக்கில் பாட்டுகள் வந்தன. 'ராக்ஸேன் போர்' என்றே அதற்குப் பெயர்.

நாங்கள் மூன்று பேரும் இந்தக் கதையை எத்தனை முறை பேசியிருப்போம் என்று கணக்கே இல்லை. நண்பனுக்கு இதில் பிடித்தது அந்தத் துணிச்சல். எனக்குப் பிடித்தது, எதிராளியின் பீட்டிலேயே நின்று பதில் சொன்னது. தோழிக்குப் பிடித்தது வேறு. "அந்தப் பாட்டுல அவ வெறும் பேருடா. இல்லாத ஒரு பொண்ணு. அந்தக் காலியிடத்துல ஒருத்தி வந்து உட்கார்ந்துட்டா" என்பாள். எசப்பாட்டு என்று நம் மொழியில் இருக்கிற சொல்லை இதற்கு முதலில் பொருத்திச் சொன்னவளும் அவள்தான். ஒருவர் ஒன்று பாடினால் எதிரே நிற்கிறவர் அதே மெட்டில் திருப்பிப் பாடுவார். திருப்பிப் பாட ஆள் இல்லையென்றால் முதல் பாட்டே பாதிதான் என்பாள்.

காதலைப் பற்றிய ராப் பாட்டுகளில் எங்களுக்குள் பெரிய வழக்கே உண்டு. 1987-ல் எல்எல் கூல் ஜே மெதுவான ஒரு காதல் ராப் பாடி, தனிமையாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதை நண்பன் மிகப் பெரிய காரியமாகச் சொல்வான். மார்தட்டுவதையே தொழிலாக வைத்திருந்த ஒருவர் அப்படி இறங்கி வருவது சின்ன விஷயமா என்பான். தோழி ஒத்துக்கொள்வாள், ஆனால் உடனே 1993-க்குத் தாவுவாள். குவீன் லத்தீஃபா அந்த வருடம் பாடியது, தெருவில் உடம்பைத் தொட்டுவிட்டு, கேவலமான சொல்லால் கூப்பிட்டவனைத் திரும்பிப் பார்த்து 'யாரைச் சொன்னாய்?' என்று கேட்கிற பெண்ணைப் பற்றி. கை ஓங்குகிற காதலனைப் பற்றியும் அதில் வரும். கிராமி வாங்கிய பாட்டு. "தனியா இருக்குன்னு சொல்றதுக்கு தைரியம் வேணும்தான். ஆனா அடிக்கிறான்னு சொல்றதுக்கு எவ்வளவு வேணும்?" இதற்கு நண்பனிடம் பதில் இருக்காது. அவன் அமைதியாகிவிடுவான், அவன் அமைதியானால் யோசிக்கிறான் என்று அர்த்தம், அது எங்களுக்குத் தெரியும்.

ஹிப்ஹாப்பை உயிராக நேசித்துக்கொண்டே அது பெண்களை நடத்தும் விதத்தோடு மல்லுக்கு நிற்பது எப்படி என்று 1999-ல் ஒரு புத்தகமே எழுதினார் ஜோன் மார்கன். பத்திரிகைகளில் ஹிப்ஹாப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர். கறுப்பு வெள்ளைக்கு நடுவில் இருக்கிற சாம்பல் நிறத்தில் கால் வைக்கத் துணிகிற பெண்ணியம் வேண்டும் என்று அவர் கேட்டார். தோழியின் மேசையில் அந்தப் புத்தகம் எப்போதும் இருக்கும், முதுகு பிரிந்து, மூன்று நிறத்தில் அடிக்கோடு போட்டு. வானொலியில் நடு ராத்திரி நேயர்கள் காதல் தோல்வியோடு கூப்பிடும்போது அந்தச் சாம்பல் நிறத்தைத்தான் நினைத்துக்கொள்வேன் என்று ஒரு முறை சொன்னாள். கூப்பிடுகிறவர் சொல்வது பாதி, மறு பாதி போனுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ தூங்கிக்கொண்டிருக்கிறது.

இதையெல்லாம் இவ்வளவு பேசிவிட்டுத்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

நண்பனுக்கு மூன்று வருடக் காதல் முறிந்திருந்தது. முறிந்த இரண்டாவது மாதம், வழக்கமான சனிக்கிழமை, மைக் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏதோ ஒரு ஆல்பத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தவன் தன் கதைக்குள் போய்விட்டான். அவள் பெயர் சொல்லவில்லை. ஆனால் தெரிந்தவர்களுக்குத் தெரியும். பதினோரு நிமிடம். இடையில் ஒரு வாக்கியம் வந்தது: "அவ என்னைப் புரிஞ்சுக்கவே இல்ல." அதற்குப் பிறகு மூன்று விநாடி எதுவும் இல்லை. நிரலில் அது கோடு போட்ட மாதிரி தட்டையாகத் தெரியும். நடுவில் மட்டும் சின்னதாக ஒரு மேடு, அவன் மூச்சை இழுத்தது. அப்புறம் மைக்கில் கை பட்ட சத்தம், அதோடு கலந்து, தணிந்த குரலில், "இல்ல... நானும்தான் எதுவும் சொன்னதில்ல."

மைக் தட்டிய சத்தம் அசிங்கமாக இருந்தது. அதைச் சுத்தம் செய்யப் பார்த்தேன், வார்த்தையும் கூடச் சேர்ந்து கெட்டது. மணி ஒன்றைத் தாண்டிவிட்டது, காலையில் பதிவு போக வேண்டும். மூன்று விநாடியையும் அந்தக் கடைசி வாக்கியத்தையும் சேர்த்து எடுத்துவிட்டு, தோழியின் அடுத்த கேள்வியைக் கொண்டுவந்து ஒட்டினேன். ஒட்டு தெரியவே இல்லை. அப்புறம் கிளிப் எடுக்க வேண்டும் என்று வந்தபோது, சொல்லவே வேண்டாம், அந்த வாக்கியத்தில்தான் முடித்தேன். அவ என்னைப் புரிஞ்சுக்கவே இல்ல. நறுக்கென்று இருந்தது. அன்றுவரை நாங்கள் போட்ட கிளிப்களில் அதிகம் பேர் பார்த்தது அதுதான். கீழே வந்து எழுதியவர்களில் பாதிப் பேர் அவளை யார் எவர் என்று தெரியாமலே திட்டினார்கள்.

டீ பார்ன்ஸ் கதையை அப்போது நான் நினைத்திருக்க வேண்டும். ஊடகத்தில் தொகுப்பு வேலை பார்க்கிற யாரும் மறக்கக் கூடாத கதை அது. ராப் நிகழ்ச்சி ஒன்றின் தொகுப்பாளராகத் தொலைக்காட்சியில் இருந்தவர். 1990-ல் என்.டபிள்யூ.ஏ என்ற ராப் குழுவை அவர் பேட்டி கண்டார். குழுவை விட்டு விலகியிருந்த ஐஸ் கியூப் அவர்களைக் கிண்டல் செய்யும் துண்டும் ஒளிபரப்பில் அதே பேட்டியோடு ஒட்டப்பட்டது. பரபரப்புக்கான வெட்டு. அப்படி ஒட்டியது அவர் முடிவு இல்லை. ஆனால் 1991 ஜனவரியில் ஒரு விருந்தில் அந்தக் குழுவின் டாக்டர் ட்ரே அவரைத்தான் அடித்தார். குற்றச்சாட்டை ட்ரே எதிர்த்து வாதாடவில்லை; 2015-ல்தான், தான் காயப்படுத்திய பெண்களிடம் பொதுவில் மன்னிப்பு கேட்டார். வெட்டியவர் எடிட்டிங் அறைக்குள் பத்திரமாக இருந்தார். திரையில் முகம் தெரிந்தவர் அடி வாங்கினார். எங்கள் பதிவால் யாரும் யாரையும் அடிக்கவில்லை, இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆனாலும் அறைக்குள் இருந்தது நான்தான்.

நாலாவது நாள் வாய்ஸ் மெசேஜ் வந்தது. நண்பனுக்கு இல்லை, எனக்கு. பின்னணியில் மின்விசிறிச் சத்தம். கோபமே இல்லாத குரல், அதுதான் தாங்க முடியவில்லை.

"நீங்கதானே எடிட் பண்றது? ராக்ஸேன் பத்தி நீங்க மூணு பேரும் பேசினதை நான் கேட்டிருக்கேன். அவனோட சேர்ந்துதான் கேட்டேன், ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் இயர்போன் மாட்டிக்கிட்டு. எனக்கு ராப் எல்லாம் வராது. பதில் பாட்டு போட எனக்கு மைக்கும் கிடையாது. ஒண்ணு மட்டும் கேக்கறேன். அவன் எப்பவும் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிச்ச உடனே 'இல்ல'ன்னு ஒரு 'இல்ல' போடுவான். சண்டையில கூட. மூணு வருஷம் அந்த 'இல்ல'வைக் கேட்டுத்தான் நான் அவன்கூட இருந்தேன். அவ்ளோ பெரிய வாக்கியத்தைச் சொல்லிட்டு அது இல்லாம அவன் நிறுத்தியிருக்கவே மாட்டான். அந்த 'இல்ல' எங்க?"

நான் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

தோழியிடம் முதலில் சொன்னேன். அவளுக்கு அந்த வெட்டு தெரியாது. கேட்டுவிட்டு ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை, பிறகு பாடகி லாரின் ஹில்லைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள், அவள் அப்படித்தான், நேராக வரத் தெரியாதபோது ஒரு ஆல்பத்தின் வழியாக வருவாள். 1999-ல் அந்த வருடத்தின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி வாங்கியது லாரின் ஹில்லின் ஆல்பம். ஹிப்ஹாப்புக்கு அந்த விருது அதுதான் முதல் தடவை. பாட்டுகளுக்கு நடுவில் ஒரு வகுப்பறை வரும். ஆசிரியர் பிள்ளைகளிடம் காதல் என்றால் என்ன என்று கேட்பார். ஆசிரியராகப் பேசியவர் ராஸ் பராகா, பின்னாளில் நியூவார்க் நகரத்துக்கு மேயரானவர். பிள்ளைகள் ஒருவர் பேச்சில் ஒருவர் விழுவார்கள், சிரிப்பார்கள், திக்குவார்கள், சொன்னதையே மாற்றிச் சொல்வார்கள். எதையும் யாரும் துடைக்கவில்லை. ஆல்பத்தின் ஆரம்பத்திலேயே வருகைப் பதிவு எடுப்பார்கள், லாரின் ஹில் பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுவார்கள். பதில் வராது. அந்த மௌனத்தில்தான் ஆல்பமே ஆரம்பிக்கிறது.

"காலியிடத்தை அவங்க விட்டு வெச்சாங்க. நீ அடைச்சுட்ட" என்றாள். அவ்வளவுதான் திட்டினாள்.

பதிவு பண்ணாத காலத்தில் எங்கள் பேச்சு எவ்வளவு நீளமாக இருந்தது என்று அன்று ராத்திரி யோசித்துக்கொண்டிருந்தேன். நீளம் என்பது ஹிப்ஹாப் ஊடகத்துக்குப் புதிது இல்லை. ஸ்ட்ரெட்ச் ஆம்ஸ்ட்ராங்கும் பாபிடோ கார்சியாவும் 1990 முதல் 1998 வரை கொலம்பியா பல்கலைக்கழக வானொலியில் நள்ளிரவு ஒரு மணி முதல் ஐந்து மணி வரை உட்கார்ந்தார்கள். நாஸ், ஜே-ஸி எல்லாம் பெரிய பெயர் ஆவதற்கு முன்னால் அங்கே வந்து பாடிவிட்டுப் போனவர்கள். இசைத் துறை வழக்கறிஞராக இருந்து பாட்காஸ்டுக்கு வந்த ரெஜி ஒஸ்ஸே, காம்பாட் ஜாக் என்றால்தான் தெரியும், ஒருவரை உட்காரவைத்துப் பேச ஆரம்பித்தால் மணிக்கணக்கில் போகும். 2017 டிசம்பரில் அவர் இறந்தார். அவர் பேட்டிகளில் எனக்குப் பிடித்தது, ஒருவர் முதல் பத்து நிமிடத்தில் சொன்னதை ஒரு மணி நேரம் கழித்து அவரே திருத்துவதற்கு நேரம் இருந்தது. நாற்பது விநாடியில் அது எப்படி முடியும்? தன் பேச்சுக்குத் தானே எசப்பாட்டு பாட மனிதனுக்குக் கொஞ்சம் நேரம் வேண்டியிருக்கிறது.

கிளிப்பை அன்றே எடுத்துவிட்டேன். மற்றவர்கள் எடுத்துப் போட்டது எடுத்துப் போட்டதுதான், அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. அவள் மெசேஜை எங்கள் பாட்காஸ்டில் போடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். "ஊருக்குப் பதில் சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல. அவன் கேட்டா போதும், முழுசா" என்றாள். தோழிக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம். ஷான்டே மாதிரி ஒரு பதில் வந்திருந்தால் எப்படி இருக்கும் என்று அவள் மனதுக்குள் ஓடியிருக்கும், எனக்கும் ஓடியது. ஆனால் பதில் எங்கே, யாருக்கு என்பதை முடிவு செய்ய வேண்டியது பதில் சொல்கிறவர்தான்.

நண்பனிடம் சொன்னபோது அவன் முதலில் நம்பவில்லை. "நான் அப்படிச் சொன்னேனா? அந்த 'நானும்தான்'னு?" அவனுக்கே நினைவில்லை. வெளியான பதிவை அவனும் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறான், அதுதான் தான் பேசியது என்று நம்பிவிட்டான். இது எனக்கு அவள் மெசேஜைவிடப் பெரிய அடி. நான் வெட்டியது கேட்கிறவர்களுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன்.

பழைய கோப்பு இருந்தது. எதையும் முழுதாக அழிக்கிற வழக்கம் எனக்கு இல்லை, அதற்கு நன்றி. அந்தச் சனிக்கிழமை மைக் எதையும் திறக்காமல் மூன்று பேரும் போனில் உட்கார்ந்தோம். வெட்டிய துண்டை அது இருந்த இடத்தில் திரும்ப வைத்தேன். மைக் தட்டிய சத்தத்தோடு, எதையும் துடைக்காமல்.

ஓடவிட்டேன். அவ என்னைப் புரிஞ்சுக்கவே இல்ல. ஒன்று, இரண்டு, மூச்சு, மூன்று. தட்டல். "இல்ல."

அவன் நிறுத்தச் சொன்னான். நிறுத்தினேன். "அவளுக்கு இதை அனுப்பிட்டியா?" என்றான்.

"இன்னும் இல்ல. நீயே அனுப்பு."